மயில் மிதித்த கல்

செய்தி வந்தபோது நான் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். மாலை வரவேற்பு. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் மேடைக்கு வரவில்லை. எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் மூர்த்தி கைப்பேசியைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தான். பிறகு மேடைக்குப் பின்பக்கம் வரச்சொல்லிக் கையைக் காட்டினான். "அண்ணே, சமயநல்லூர்ல இருந்து போன். கருப்பையா அண்ணன் போயிட்டாராம்" என்றான். மதியம் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

மங்கல வீட்டில் சாவுச் செய்தியை வாயால் சொல்லக்கூடாது. எங்கள் தொழிலில் இது எழுதாத சட்டம். பாடுகிறவனுக்குச் சொந்தத் தகப்பன் செத்தாலும், மண்டபத்தை விட்டு இறங்கிய பிறகுதான் அழ வேண்டும். எனவே, அண்ணன் வந்து பாட வேண்டிய பாட்டுகளை விட்டுவிட்டு வாசித்தோம். பிள்ளைகள் ஆடின, மாமன்மார் ஆடினார்கள். மூர்த்தியின் கண் சிவந்திருந்ததைப் பார்த்த பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் என் காதருகே குனிந்து, தம்பி கொஞ்சம் போட்டிருக்காப்ல போல என்று கிசுகிசுத்தார். நானும் ஆமாம் என்று சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய? இதைக் கருப்பையா அண்ணன் பார்த்திருந்தால் மறுநாளே பாட்டாக்கியிருப்பார்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். கருப்பையா அண்ணன் எங்கள் மெல்லிசைக் குழுவின் பாட்டுக்காரர். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே நாலைந்து சொந்தப் பாட்டுப் பாடுகிற குழு இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள்தான் என்று பீற்றிக்கொள்வோம். அந்தச் சொந்தப் பாட்டு அத்தனையும் அவர் எழுதியவை, அவரே பாடியவை. பகலில் சமயநல்லூர் ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவர் அப்பாவும் அதற்கு முந்தியவர்களும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் காலம் தள்ளியவர்கள். அண்ணன் கடைசிக் காலத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தார்.

நான் அவரைச் சந்தித்ததே பஞ்சரால்தான். ஆபீஸுக்குப் போகும் அவசரத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால், மனிதர் என் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்பேனரால் ரிம்மைத் தட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அண்ணே, டியூபைக் கொஞ்சம் பாருங்க என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: "டியூபுல ஓட்டை எங்கன்னு தண்ணியில முக்குனாத் தெரிஞ்சிரும் தம்பி. பாட்டுல எங்கிட்டு இருக்குன்னுதான் தெரிய மாட்டேங்குது." அன்றைக்கு நான் ஆபீஸுக்குப் போனது பதினோரு மணிக்கு. அடுத்த வாரமே அவரை எங்கள் குழுவுக்கு இழுத்துவந்துவிட்டேன்.

மேடையில் பாட்டு வரிசை போடுவது அவர் வேலையாயிற்று. எங்களுக்கெல்லாம் தெரிந்த வரிசை ஒன்றுதான்: சாமிப் பாட்டில் ஆரம்பித்து, குத்துப் பாட்டில் ஏற்றி, அப்படியே கொண்டுபோய் முடிப்பது. அண்ணன் இரண்டு குத்துப் பாட்டுக்கு நடுவே ஒரு கஷ்டப் பாட்டை வைப்பார். ஏனென்று கேட்டால், "சனம் சிரிச்சு ஆடி முடிச்சு ஒரு மூச்சு வாங்கும்ல, அப்ப கதவு தெறந்து கெடக்கும் தம்பி. அந்நேரம் உள்ள போயிரணும்" என்பார். திருவிழாக் கமிட்டிக்காரர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள். பாட்டு முடியும்போது அவர்களே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர் பெயரை ஊரறியச் செய்தது சூளைப் பாட்டு. செங்கல் சூளையில் கல் சுமக்கிற ஒரு பெண்ணைப் பற்றியது. அந்த நான்கு வரி உங்களில் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும்:

எட்டுக் கல்லு தலை மேல
எம்புள்ள தூளி மரத்து மேல
கல்லு சொமந்த கழுத்து நோவு
கட்டுனவனுக்குத் தெரியலையே

கீழக்குயில்குடித் திருவிழாவில் இதை முதல்முதலாகப் பாடினார். சமணர் மலைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டவில்லை. இன்னொரு தடவை பாடச்சொல்லிக் கேட்டார்கள். அன்று மூன்று முறை பாடினார். அதன்பிறகு சூளைப் பாட்டு இல்லாமல் எங்களுக்குக் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது.

அந்தப் பெண் கற்பனை இல்லை. அவர் மனைவி பஞ்சவர்ணம் மதினிதான். கடையில் வருமானம் இல்லாமல் அண்ணன் பாட்டு பாட்டு என்று அலைந்த காலத்தில், மதினி கைப்பிள்ளையை மரத்துத் தூளியில் போட்டுவிட்டுச் சூளையில் கல் சுமந்திருக்கிறார். அந்தப் பிள்ளைதான் கலைச்செல்வி. பிறகு நர்ஸ் படிப்பு முடித்து, நல்ல வேலைக்கும் போனாள். அண்ணன் மேடையில் பாடும் முன் இதையெல்லாம் மைக்கில் சொல்லுவார். எம்பொண்டாட்டி சொமந்த கல்லுதான் என்னய இந்த மேடையில ஏத்திவிட்டுச்சு என்பார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நடிப்பில்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். மதினி மட்டும் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. வேலை இருந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

கஷ்டத்தை அப்படி எழுதிய மனிதருக்குச் சந்தோஷம் எழுத வராது. அதை வைத்து நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. கல்யாண வாழ்த்து எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் மாமியார் வந்துவிடுவார். ஒரு முறை காதுகுத்து விழாவுக்கு எழுதினார். காதுல குத்துனதுக்கே இம்புட்டு அழுதா, காலம் குத்தும்போது என்ன செய்வ ராசாத்தி என்று பாடினார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. பிள்ளையின் அம்மா ஆரம்பித்துவிட்டார். மடியில் பிள்ளையை வைத்திருந்த தாய்மாமன் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அன்றைக்குச் சாப்பாடு கிடைக்குமா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி வரும்போது திட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. கஷ்டம் கலக்காத சந்தோசம் உப்பில்லாத கறி தம்பி, எலையில வச்சாலும் எவன் திம்பான் என்றார். நானும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினேன். அந்த வயதில் அது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது.

கலைச்செல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தல்லாகுளம். மாப்பிள்ளையின் அப்பா கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா ஆசிரியை. நிச்சயம் முடிந்த மறுநாள் அண்ணன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மதினி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் உற்சாகத்தில் சாப்பிடவே இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு எழுதப்போகிறாராம். சூளைப் பாட்டையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பாட்டாம். எங்க வீட்டுப் புள்ள எப்படி வளந்துச்சுன்னு மாப்ள வீட்டுக்காரங்க தெரிஞ்சுக்கிறணும் தம்பி, இவ பட்ட பாட்ட நான் அந்த மேடையில வைக்கணும் என்றார்.

மதினி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார். அதிர்ந்து பேசாதவர். அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"என் கஷ்டத்தப் பாடாதீங்க" என்றார்.

அண்ணன் சிரித்தார். மதினி வெட்கப்படுகிறார் என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அந்தக் கல்ல நான் எறக்கி வச்சு எம்புட்டு வருசமாச்சு. நீங்கதான் இன்னும் தூக்கித் தலையில வச்சுக்கிட்டுத் திரியுறீங்க. அதுவும் ஊர் ஊரா. எம்மக கல்யாணத்துல அது வேணாம்."

அண்ணன் முகம் செத்துப்போனது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என்னால் முடியுமா? என்ன மதினி இப்படிச் சொல்றீங்க, அந்தப் பாட்டுக்கு அழாத ஊரே இல்லையே என்று அண்ணனுக்கு வக்காலத்து வாங்கினேன். மதினி என் இலையில் அப்பளத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க கீபோர்டு வாசிக்கிறவரு தம்பி. ஒங்களுக்கு அது நல்ல பாட்டு. எனக்கு அது என் கழுத்து."

அப்பளத்தைக் கூட நொறுக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று செய்திருப்பார்கள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று தன் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார்கள், அல்லது கோபித்துக்கொண்டு பாட்டே வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். அண்ணன் எழுத உட்கார்ந்தார். மகள் கல்யாணத்துக்குப் பாட்டு வேண்டும், அதில் மதினியின் கஷ்டம் ஒரு சொல்கூட இருக்கக்கூடாது. அவர் வரைக்கும் அது கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பஞ்சர் ஒட்டச்சொல்வது போல. கடைக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். எழுதுவார், படிப்பார், கிழித்துக் காற்றடிக்கிற கம்ப்ரசருக்குப் பின்னால் போடுவார். நிலவு, மல்லிகை, தேன் என்று எழுதியதை ஒருநாள் என்னிடமே காட்டினார். கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிற வாழ்த்து மாதிரி இருந்தது. அப்படியே சொல்லியும்விட்டேன். ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

பிறகு அவரே வந்தார். அவர் சொன்ன ஒன்றை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். "கஷ்டம் கூப்புடாமலே வந்து பக்கத்துல உக்காந்துக்கிரும் தம்பி, எழுது எழுதுன்னு உசிர வாங்கும். இந்தச் சந்தோசத்த எத்தன வாட்டி கூப்புட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குது." பொய்யாகவாவது ஒருநாள் சந்தோஷமாக எழுதிவிடுங்கள், கல்யாணம்தானே என்றேன். "பொய்யி பாட்டுக்கு ஒட்டாது. காத்து எறங்கிரும்" என்றார். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று, பாட்டு மட்டும் இல்லை. மகளிடம் பாட்டு உண்டு என்று சொல்லிவிட்டார். அவளும் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் எங்கப்பா பாடுவாரு என்று சொல்லிவைத்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்தார். போய் மதினியிடமே கேட்டார். சூளையில் இருந்த காலத்தில் நீ எதற்காவது சந்தோஷப்பட்டாயா என்று. மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். "அவ பட்டது அம்புட்டும் எனக்குத் தெரியும்னு நெனச்சேன் தம்பி. எந்த நாளு எங்க விழுந்தா, எந்தப் பக்கம் கழுத்து நோவுச்சு, எல்லாம் சொல்லுவேன். அவ எதுக்குச் சிரிச்சான்னு ஒருத்தன் கேட்டா எனக்குத் தெரியல. இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தி ஒண்ணுகூடத் தெரியல."

மதினி முதலில், என்ன விளையாடுறீங்களா, சூளையில என்ன சந்தோசம் என்று துணி மடிக்கப் போய்விட்டாராம். இவர் விடவில்லை. அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போய் நின்றிருக்கிறார். மதினி மெல்ல மெல்லச் சொல்லியிருக்கிறார். மழை பெய்த காலைகளில் சூளைச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றால் கதகதவென்று இருக்குமாம். சூளை வாயில் சீனிக்கிழங்கைச் சுட்டு, தோலோடு தின்பார்களாம். கூட வேலை பார்த்த இருளாயி என்கிறவர் மேஸ்திரியைப் போல வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு நடந்து காட்டுவாராம். அதைப் பார்த்துச் சிரித்ததில் மதினி தலையிலிருந்த கல்லையே போட்டுவிட்டாராம். அப்புறம் ஒருநாள் ஒரு மயில் வந்திருக்கிறது. அச்சிலிருந்து எடுத்துக் காயப்போட்டிருந்த பச்சைக்கல் வரிசையில் ஏறி நடந்துவிட்டுப் போயிருக்கிறது. கல்லில் மயிலின் கால் அப்படியே பதிந்துவிட்டது. அந்தக் கல்லை மேஸ்திரி கண்ணில் படாமல் மற்ற கற்களோடு சேர்த்துச் சூளைக்குள் அடுக்கிவிட்டார்களாம்.

மயிலைச் சொல்லும்போது அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கடைக்கு வண்டியோடு வந்து காத்திருந்த ஒருவர் எங்கள் இருவரையும் ஒருமாதிரிப் பார்த்தார். பாட்டு கெடச்சிருச்சு தம்பி என்றார் அண்ணன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் பாடினார். மதினி முதல்முறையாக எங்கள் முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அண்ணன் மைக்கில் வழக்கமான முன்னுரை எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் தொடங்கினேன். பாட்டில் சுட்ட கிழங்கு வந்தது, இருளாயி வந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பாடினார்:

எட்டி எட்டி நடந்து வந்து
ஈரக் கல்ல மிதிச்ச மயிலே
ஒங்காலு பதிஞ்ச கல்லு இப்ப
ஒக்காந்திருக்கு எந்தச் சுவத்துல?

மெத்தை வீடோ மில்லுச் சுவரோ
மேல பூசி மறச்சாங்களோ
நாங்க சிரிச்ச சிரிப்ப அது
நாலு பேருக்குச் சொல்லிருச்சோ?

மண்டபத்தில் சத்தம் அடங்கியது. அழவைத்து வரும் அமைதி எனக்குத் தெரியும், பல வருடம் பார்த்தது. இது வேறு. ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தச் சூளை, எவ்வளவு நாள் இருந்தீர்கள் என்று அவர் கேட்டதும், மதினி இருளாயி நடந்த நடையை இடுப்பை ஆட்டிக் காட்டியதும் மேடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. மதினி சூளையை மறைக்கவும் இல்லை, அதைக் காட்டி யாரிடமும் இரக்கம் கேட்கவும் இல்லை. கலைச்செல்வி மணமேடையிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சுரம் இரண்டு இடத்தில் தப்பியது. யாரும் கவனிக்கவில்லை, மூர்த்தியைத் தவிர.

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததுதான் பெரிது என்பேன். சூளைப் பாட்டைப் பாடுவதை நிறுத்தினார். எங்களுக்குச் சோறு போட்ட பாட்டு அது. கமிட்டிக்காரர்கள் கெஞ்சினார்கள், சண்டை போட்டார்கள். ஒரு ஊரில் அந்தப் பாட்டு இல்லையென்றால் அடுத்த வருடம் கூப்பிட மாட்டோம் என்றே சொன்னார்கள், அப்படியே கூப்பிடவும் இல்லை. குழுவில் எங்களுக்குள்ளும் முணுமுணுப்பு எழுந்தது. பொய் சொல்வானேன், அதிகமாக முணுமுணுத்தது நான்தான். "அது அவ கழுத்து தம்பி. கேட்டுக்கிட்டா எடுத்தேன்? அவகிட்டயே குடுத்துட்டேன்" என்று முடித்துவிட்டார். தான் எழுதிய ஆகச்சிறந்த பாட்டை, கைதட்டல் குறையாமல் இருக்கும்போதே, ஒருவர் கீழே வைப்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மயில் பாட்டு மெல்ல மெல்ல ஊர்களில் பரவியது. சூளைப் பாட்டு அளவுக்கு அது எடுபடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அண்ணன் அதைப்பற்றிக் கவலைப்பட்டதில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் மதினியைப் பார்க்கப் போனேன். வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: எப்படிப் போனார், வலித்ததா, கடைசியாக என்ன சொன்னார். மதினி ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. ஆட்கள் கலைந்தார்கள். அண்ணனை நினைத்துக்கொண்டுதான் அதைக் கேட்டேன்.

"மதினி, அண்ணன் வீட்டுல எதுக்கு நல்லாச் சிரிப்பாரு?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார்.

"மயிலுக்குத்தான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கலைச்செல்வி அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது மயிலு இல்ல தம்பி. நாயி. ஒரு செவல நாயி. பச்சக்கல்லு ஒரு வரிசையவே மிதிச்சுட்டுப் போயிருச்சு. மேஸ்திரி என்னய அம்புட்டுப் பேருக்கு முன்னால வஞ்சான். கையில புள்ளய வச்சுக்கிட்டு நின்னு வாங்குனேன்."

மதினி படத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"இவரு வந்து இன்னொண்ணு சொல்லு, இன்னொண்ணு சொல்லுன்னு பச்சப்புள்ள மாதிரி உக்காந்திருக்காரு. கெழங்கச் சொல்லிட்டேன், இருளாயியச் சொல்லிட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல. இல்லன்னா மனுசன் அழுதுருவாரு போல இருந்துச்சு. அதான் நாய மயிலாக்கிவிட்டேன்."

அண்ணனுக்கு இது தெரியாமலே போய்விட்டதா என்று கேட்டேன். கல்யாணம் முடிந்த வாரமே மனசு கேட்காமல் மதினியே சொல்லிவிட்டாராம். பாட்டை மாற்றிவிடச் சொன்னாராம். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம். மாத்த மாட்டேன், என் பாட்டுலயே நல்ல வரி நீ கட்டுனதுதான் என்றாராம்.

"அதுலருந்து மயில் பாட்டுப் பாடிட்டு வார அன்னைக்கெல்லாம், வாசல்ல வண்டிய நிறுத்தும்போதே லொள்ளுன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. நான் உள்ள இருந்து சிரிப்பேன். எம்புட்டு அசதியா வந்தாலும் அத மறக்க மாட்டாரு" என்றார் மதினி. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கலைச்செல்வி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, சித்தப்பா அம்மாவை என்ன சொன்னார் என்பதுபோல் என்னை முறைத்தாள்.

அண்ணன் பாட்டுகள் எங்கள் குழுவிடம் இருக்கின்றன. மயில் பாட்டை மூர்த்தி பாடுவான், நான் வாசிப்பேன். இனி எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், போனவர் எதற்குச் சிரிப்பார் என்று கேட்பேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான்.

அன்று கிளம்பும்போது மதினி வாசல்வரை வந்து நின்றார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். லொள் என்று ஒரு சத்தம் எனக்கும் தொண்டைவரை வந்தது. அது அவர்கள் இரண்டு பேருடையது. விழுங்கிக்கொண்டு, வாரேன் மதினி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.